எண்ணெய்க் கையால் ஸ்கிப் பண்ண முடியாது

லேத் வேலை என்பது வேறொன்றுமில்லை, சுற்றுகிற இரும்பை நிற்கிற இரும்பால் சீவுவது. கேட்கும்போது இவ்வளவுதானா என்று இருக்கும். நானும் அப்படி நினைத்துத்தான் மாட்டிக்கொண்டேன். போனைச் சுவரில் சாய்த்துவைத்து வீடியோ பார்த்துத் தொழில் படிக்கிற என் சக பாவிகளே, நீங்கள் கேக் செய்யப் படித்தாலும் சரி, ஏசி ரிப்பேர் படித்தாலும் சரி, நம் எல்லோருடைய கஷ்டமும் ஒன்றுதான். வாத்தியார் நம்மைப் பார்ப்பதில்லை. நாம் தப்புச் செய்தால் அவருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

மிக்ஸிக்கு இருக்கிற மூடி

நான் கடையநல்லூரில் எட்டாவது வரை படித்து, கல்யாணமாகித் தாராவிக்கு வந்து, தோல் பை தைத்துக்கொண்டிருந்தவள். என் வீட்டுக்காரர் காதருக்குக் குர்லாவில் ஒரு காலா. பட்டறை வைக்கிற அறையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதில் ஒரு பழைய லேத். சர்க்கரை வியாதி அவர் கண்ணில் போய் உட்கார்ந்தது. ஆபரேஷன் செய்தும் வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. ஒருநாள் கம்பியைக் கவ்விச் சுற்றிக்கொண்டிருந்த சக்கின் மேல் தெரியாமல் கையை வைக்கப்போய், நூலிழையில் தப்பினார். அன்று காலாவைப் பூட்டிவிட்டு வந்து, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். மிஷினைப் பற்றி எதைக் கேட்டாலும் “வித்துரு” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

என் கொழுந்தன் சலீம் நல்ல பையன். அண்ணன் சொன்ன சொல்லைத் தட்டாமல், கோவண்டியில் பழைய மிஷின் வாங்கி விற்கிற ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டான். எனக்கு மிஷின் போவது பெரிதில்லை. அது போய்விட்டால் இந்த மனுஷன் சுவர்ப் பக்கமிருந்து திரும்பவே மாட்டார் என்றுதான் பயம். பக்ரீத் வரைக்கும் பொறுங்கள், அதுவரை நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தர மாட்டேன் என்று அவர் சுவரிடம் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நான் கையை விடப்போகிறேன் என்பதுதான் அவர் பயம். சலீம் மட்டும் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்: “மைனி, மிக்ஸிக்குக்கூட மூடி இருக்கு. இதுக்கு அதுவும் கெடயாது, பாத்துக்கிடுங்க.”

மூன்று வாத்தியார்கள், ஒரு தலைமுடி எண்ணெய்

எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும், போனில் தேடத் தெரியாது. என் மகள் ஷபானாவுக்குத் தேடத் தெரியும், தமிழ் படிக்கத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து மூன்று வாத்தியார்களைப் பிடித்தோம். ஒருவர் வெள்ளைக்காரர். அவருடைய பட்டறை எங்கள் வரிசை வீடுகள் மொத்தத்தையும் விடப் பெரியது, தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஆனால் எந்தப் பாடத்தையும் பளபளவென்று புதுப் பித்தளையில்தான் ஆரம்பிப்பார், என்னிடமோ துருப்பிடித்த கம்பி. இன்னொருவர் கோயம்புத்தூர்க்காரர். நல்ல தமிழ், ஆனால் பாதி நேரம் லைக் பண்ணச் சொல்வதிலேயே போய்விடும். மூன்றாமவர் லூதியானாக்காரர். இந்தியில் ஒவ்வொன்றையும் நிதானமாக, “ஆராம் ஸே, ஆராம் ஸே” என்று சொல்லிக்கொடுப்பார். இவரைத்தான் எனக்குப் பிடித்தது. என் சொந்த மாமாவே என்னிடம் அத்தனை பொறுமையாகப் பேசியதில்லை.

முதல் நாள் சக்கில் கம்பியை இறுக்கி, மிஷினைப் போட்டு, சீவுகிற டூலைக் கிட்டே கொண்டுபோய்விட்டேன். இப்போது எவ்வளவு உள்ளே விட வேண்டும் என்று லூதியானாக்காரர் வாயைத் திறக்கிறார், தலைமுடி எண்ணெய் விளம்பரம் வந்துவிட்டது. ஒரு பெண் கூந்தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறாள். என் இரண்டு கையிலும் மிஷின் எண்ணெய். விரலால் தொட்டால் போன் கேட்கவில்லை, மூக்கால் தொட்டுப் பார்த்தேன், முழங்கையால் தொட்டுப் பார்த்தேன். டூல் கம்பியில் உரசிக் கீச்சென்று கத்துகிறது, நான் போனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்துக் காலாவில் வெல்டிங் வைத்திருக்கிற செல்வராஜ் அண்ணாச்சி சத்தம் கேட்டு ஓடிவந்தார். ஆண்டாப் ஹில்லில் குடியிருக்கிறவர், பூர்வீகம் நம் பக்கம்தான். சுவிட்சை அணைத்துவிட்டு, கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்: “பாபி, மொதல்ல மிஷினை பந்த் பண்ணுங்க. பொறவு அந்தப் புள்ள தல சீவுறத பாருங்க.”

சட்டை

மூன்று வாத்தியார்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் உடுப்பு. தொங்குகிற எதுவும் கூடாது. துப்பட்டா, வளையல், மோதிரம், நீளக் கை எதுவும் கூடாது. சுற்றுகிற இரும்பு ஒரு நூல் முனையைப் பிடித்தால் போதும், ஆளையே இழுத்துக்கொள்ளும். வெள்ளைக்காரர் இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை. அதனால் காலாவுக்குப் போனதும் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டுக்காரருடைய பழைய அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைத்துணியை இறுக்கிப் பின்பக்கமாக முடிந்துகொள்வேன். அந்தச் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாத எண்ணெய்க் கறை.

மாட்டுங்காவில் இட்லி மாவு அரைக்கிற கடை வைத்திருக்கும் மணி ஐயர் எங்கள் பழைய வாடிக்கை. கிரைண்டர் அச்சு தேய்ந்துபோனால் அவர் நேராக இங்கேதான் வருவார். அன்று வாசலில் நின்று முதுகுப் பக்கமாக என்னைப் பார்த்துவிட்டு, “காதர் பாய், கண்ணு சரியாயிடுத்தா?” என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார். நான் திரும்பினேன். வெளியே போய் நின்று, மறுபடி உள்ளே வந்து, அச்சை மேசையில் வைத்தார். சாதாரண வேலைதான், ஒரு நுனியைச் சீவிச் சமப்படுத்தினால் போதும். முடித்துக் கொடுத்தேன், அவர் கிரைண்டர் இன்றும் ஓடுகிறது. போகும்போது சொன்னார்: “பாய் வரலேன்னாலும் பாயோட சட்டை வேலைக்கு வந்துடுத்தே, அதுவே பெரிசு.”

மீன் வாசனை

ஷபானாவுக்கு எதையும் முழுதாகப் பார்க்கப் பொறுமை கிடையாது. வீடியோவை எப்போதும் வேகமாக ஓடவிட்டுப் பார்ப்பாள். அந்தப் போனைத்தான் நான் காலாவுக்குக் கொண்டுபோவேன். லூதியானாக்காரர் அன்று ஏன் இவ்வளவு அவசரமாகப் பேசுகிறார், வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று நினைத்தேனே தவிர, வேறு சந்தேகம் வரவில்லை. மிஷின் இப்படித்தான் இரைய வேண்டும் போல என்று என் மிஷினுக்கும் அந்தச் சத்தம் வரும் வரை வேகம் கூட்டினேன். இரும்புச் சுருள் நீலமாக வந்து விழுந்தது. பார்க்க அழகாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு புகை. பிறகு டூல் முனை போன இடம் தெரியவில்லை. அண்ணாச்சி இந்த முறை ஓடிவரக்கூட இல்லை, தன் காலாவில் இருந்தபடியே குரல் கொடுத்தார்: “என்ன பாபி, இன்னைக்கு மத்தியானத்துக்கு மீன் பொரிக்கியளா?”

சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல்

காலாவில் பாதியும் புரியாது. மீதியை வீட்டில், சமையல் ஆகும்போது பார்ப்பேன். எங்கள் வீடு ஒரே அறை. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பேன், ஆனாலும் அந்த அறையில் எது யாருக்குக் கேட்காது? அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தூங்குகிறாரா இல்லையா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது.

ஒரு சாயங்காலம் கோயம்புத்தூர்க்காரர் ஏதோ ஒரு தண்டைச் சீவிக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது, டூல் மழுங்கிப்போச்சு, அந்த ஆளை நிறுத்தச் சொல்லு என்று. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவராக வாயைத் திறந்து பேசிய பேச்சு அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, கையில் வெங்காயம் இருந்தது. ஷபானா ஒன்றும் புரியாமல், “வாப்பா, அது வீடியோ. அவருக்கு எப்டி கேக்கும்?” என்றாள். அவர் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னார்: “அவனுக்குக் கேக்காட்டி என்ன. எனக்குக் கேக்குதுல்லா.”

பொண்ணும் மாப்பிள்ளையும்

பக்ரீத் கிட்டே வந்தது. கோவண்டிக்காரர் எப்போது வந்து மிஷினைப் பார்க்கலாம் என்று சலீமுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு பெரிய வேலை வந்தது. தாராவியில் தோல் பெல்ட் செய்கிற இஸ்மாயில் பாய் தன் பிரஸ்ஸுக்கு போல்ட் கேட்டார். நட் அவரிடமே இருக்கிறது, அது ஏறுகிற மரை மட்டும் நான் போட வேண்டும். இது சரியாக வந்தால் வீட்டுக்காரர் கையில் கொண்டுபோய் வைக்கலாம், விற்க வேண்டாம் என்று தைரியமாகக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

மரை போடுவது லேத்தில் கஷ்டமான பாடம். லூதியானாக்காரருடைய பழைய வீடியோ ஒன்றை ஷபானா தேடி எடுத்துக் கொடுத்தாள், வேறு யாரோ மறுபடி போட்டிருந்தார்கள். அதில் அவருடைய மிஷினுக்குச் சக் வலப் பக்கம் இருந்தது. என்னுடையதில் இடப் பக்கம். பஞ்சாபில் மிஷின் அப்படி வரும்போல என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் இடது கையால் செய்தார். பாவம், வலது கையில் அடியோ என்று நினைத்தேன். அவர் சட்டையில் என்னமோ எழுதியிருந்தது, பஞ்சாபி எழுத்து என்று நினைத்தேன். மொத்தத்தில் சந்தேகப்பட வேண்டிய எல்லாவற்றுக்கும் நானே ஒரு பதில் கண்டுபிடித்துக்கொண்டேன். டூல் இடமிருந்து வலமாகப் போனது. என் மிஷினில் அது வலமிருந்து இடமாகப் போகப் பார்த்தது. ஒரு கைப்பிடியைத் தள்ளினால் திசை மாறும் என்று கண்டுபிடித்து, அதையும் வீடியோவில் இருக்கிற மாதிரியே மாற்றினேன். ஆராம் ஸே, ஆராம் ஸே.

அத்தனை போல்ட்டும் பளபளவென்று வந்தன. தோல் பையில் தையல் போட்ட மாதிரி வரிசையாக, ஒரு பிசிறு இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது. இஸ்மாயில் பாய் நட்டை எடுத்து வைத்துச் சுற்றினார். ஏறவில்லை. திருப்பிப்போட்டுச் சுற்றினார். ஏறவில்லை. இன்னொரு போல்ட், இன்னொரு நட். எதுவும் எதிலும் ஏறவில்லை. என்ன தப்பு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கென்று அண்ணாச்சியும் ஊரில் இல்லை. இஸ்மாயில் பாய் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போல்ட்டையெல்லாம் துடைத்து மேசையில் திரும்ப வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “பொண்ணு நல்ல அழகாத்தான் இருக்கு பாபி. மாப்பிள்ளைதான் மாட்டேங்கான்.”

சட்டையில் இருந்த எழுத்து

சோற்றுப் பையில் இரண்டு போல்ட்டையும் ஒரு நட்டையும் போட்டுக்கொண்டு, குர்லாவில் ரயில் ஏறி, சயானில் இறங்கி நடந்தேன். வழியெல்லாம் அழுகை. வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரருடைய கட்டில் ஓரத்தில் நான் உட்கார்ந்து, போல்ட்டை அவர் கையில் வைத்தேன். எனக்கு வராது, விற்றுவிடுங்கள், நாளைக்கே வரச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் திரும்பிப் படுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து நட்டை வைத்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை மரையின் பள்ளத்தில் வைத்து, மெல்ல அதன் போக்கிலேயே ஓட்டினார். நடுவில் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி ஓட்டினார். அப்புறம் சிரித்தார். சும்மா இல்லை, இருமல் வரும் வரை சிரித்தார். பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டி என்னவென்று கேட்டார்கள். நான் இடது மரை போட்டிருக்கிறேனாம். உலகத்தில் எல்லா நட்டும் வலப் பக்கம் சுற்றினால் இறுகும், என்னுடைய போல்ட்டுக்கு எல்லாம் தலைகீழ். அது எப்படி என்று கேட்டார். வீடியோவில் சக் வலப் பக்கம் இருந்ததையும், வாத்தியார் இடது கையால் செய்ததையும் சொன்னேன். ஷபானா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அந்தப் பஞ்சாபி எழுத்து இங்கிலீஷாம், கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி நிற்கிறதாம். அடுத்தவர் வீடியோவைத் திருடிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் படத்தையே இப்படித் திருப்பிவிடுவார்களாம்.

எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அவர் மட்டும் போல்ட்டைக் கீழே வைக்கவே இல்லை. நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார். வருஷக்கணக்கில் தொழில் செய்தவனுக்கே இடது மரை இவ்வளவு சீராக வருவது கஷ்டம் என்றார். பிறகு என் பக்கமாக முகத்தைத் திருப்பிச் சொன்னார்: “தப்பாத்தான் போட்டிருக்க. ஆனா ஏட்டி, தப்ப சுத்தமா போட்டிருக்க.”

கோவண்டிக்காரர்

விற்கிற பேச்சை மட்டும் அவர் எடுக்கவுமில்லை, விடவுமில்லை. சலீம் சொன்ன நாளில் கோவண்டிக்காரர் வருவதாக இருந்தது. காலையில் நான் கிளம்பும்போது, தானும் வருவதாகச் சொன்னார். சாவி கொடுக்கிற அன்று உடையவன் இருக்க வேண்டாமா என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். காலாவுக்குள் நுழைந்ததும் மூச்சை இழுத்து எண்ணெய் வாசனையைப் பிடித்தார். ஸ்டூலை மிஷினுக்கு எதிரே போடச் சொல்லி உட்கார்ந்தார். அந்த போல்ட் அவர் சட்டைப் பையில் இருந்தது.

கோவண்டிக்காரர் வயசானவர், நம்ம பக்கத்து ஆள், கையில் குடை. மிஷினைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார், அப்புறம் ஓட்டிக் காட்டச் சொன்னார். சலீம் என்னைப் பார்த்தான். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு, கம்பியை மாட்டி, கைப்பிடியை இந்த முறை சரியான பக்கம் தள்ளி, மரை போட ஆரம்பித்தேன். நன்றாகச் செய்தால் மிஷின் நல்ல மிஷின் என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். மோசமாகச் செய்தால் வீட்டுக்காரரே கொடுத்துவிடுவார். எதை வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. படபடப்பில் ஒன்றை மறந்தும் போனேன்.

திடீரென்று ஸ்டூலிலிருந்து அவர் எழுந்துவிட்டார். “ஏட்டி, எண்ணெ விடு. டூலு காயுது. எண்ணெ விடுன்னா விடு.” நான் எண்ணெய் விட்டேன். சத்தம் அடங்கியது. இப்போது மெதுவாகப் போ, கடைசி வெட்டு, கொஞ்சமாக எடு என்றார். அப்படியே செய்தேன். அவர் கை இருட்டில் எதையோ பிடித்திருக்கிற மாதிரி காற்றில் ஒரு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டேன் என்றவர். மரை முடிந்தது, நான் மிஷினை நிறுத்தி நட்டை வைத்தேன். ஏறியது. அவர் கையை நீட்டி அதை வாங்கி, ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றினார். அவர் உட்காரவே இல்லை.

விலை பேச வேண்டிய நேரம். எல்லோரும் கோவண்டிக்காரரைப் பார்த்தோம். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். சலீமிடம் ஒரு டீ மட்டும் சொல்லச் சொன்னார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்: “காதர் பாய், விக்கப்போற மிஷினுக்கு எண்ணெ விடலன்னு எவனும் எந்திரிச்சு நிக்க மாட்டான். நான் வாரேன்.”

பக்ரீத் போய்விட்டது, மிஷின் இங்கேதான் இருக்கிறது, இஸ்மாயில் பாயுடைய மாப்பிள்ளைகளும் பொண்ணுகளும் சேர்ந்துவிட்டார்கள். போனில் இருக்கிற வாத்தியாரை விரலால் தொட்டு நிறுத்திவிடலாம், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற வாத்தியாருக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை என்பதுதான், சக பாவிகளே, இந்தத் தொழிலில் இப்போதைக்கு எனக்கு இருக்கிற ஒரே குறை.